செஸ்டர்டன்: வாரத்துக்கு ஒன்று போதும்

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஜி. கே. செஸ்டர்டனைப் படிக்க ஆசை, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? மூவருக்கும் வாயால் பதில் சொன்னேன். சொல்லும்போதே இதை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாமே என்று தோன்றியது.

கேள்வி நியாயமானதுதான். 1874-இல் லண்டனில் பிறந்து 1936-இல் இறந்தவர். சுமார் 80 புத்தகங்கள், 200 சிறுகதைகள், 4000 கட்டுரைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாவல், துப்பறியும் கதை, கவிதை, நாடகம், வாழ்க்கை வரலாறு, இலக்கிய விமர்சனம், மதவிளக்கம், அரசியல் சண்டை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. தெரியாமல் கை விட்டால் எது மாட்டும் என்று சொல்ல முடியாது.

என் பதில் இதுதான்: அவர் எந்த அளவில் எழுதினாரோ, அந்த அளவில் படியுங்கள். செஸ்டர்டன் அடிப்படையில் பத்திரிகைக்காரர். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் 1905-இல் பத்தி எழுதத் தொடங்கியவர், கடுமையான நோயில் விழுந்த சில மாதங்கள் நீங்கலாக, சாகும்வரை வாராவாரம் எழுதினார். 'டெய்லி நியூஸ்' நாளிதழுக்கும் பல வருடம் எழுதினார். ஒரு டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கிற துண்டுதான் அவருக்கு இயல்பான அளவு. பெரிய புத்தகங்களிலும் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கட்டுரையாகத்தான் நிற்கும். அப்படி எழுதியவரை ஒரே மூச்சில் முந்நூறு பக்கம் படித்தால் திகட்டும். வாரத்துக்கு ஒன்று படித்துப் பாருங்கள், அடுத்த வாரம் எப்போது வரும் என்று இருக்கும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இருபத்து நாலு வயதில் நூலகத்தில் கிடைத்தது என்பதற்காக 'ஹெரெடிக்ஸ்' என்ற 1905-ஆம் வருடப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பெர்னார்ட் ஷா, கிப்ளிங், எச். ஜி. வெல்ஸ் என்று அன்றைய எழுத்தாளர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு வாதாடுகிற புத்தகம். ஷாவையும் வெல்ஸையும் பெயரளவில் தெரியும். ஜார்ஜ் மூர் யார், மெக்கேப் யார், அவர்கள் என்ன சொன்னார்கள், இவர் எதற்கு மறுக்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ யாரோடோ பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் பாதியில் நுழைந்தது போல இருந்தது. அறுபது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, இவர் நமக்கு ஆகாது என்று பதினோரு வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நல்ல புத்தகம்தான் அது. ஆனால் பத்தாவதாகப் படிக்க வேண்டிய புத்தகம்.

அப்புறம் ஒரு நாள் மருத்துவமனையில் அம்மாவுக்குத் துணையாக இரவு முழுக்க உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் படித்துவிட்டு வைத்திருந்த ஒரு தொகுப்பைக் கேட்டு வாங்கினேன். 'தி இன்னசென்ஸ் ஆஃப் ஃபாதர் பிரவுன்', 1911. நீங்களும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஃபாதர் பிரவுன் என்ற பாதிரியார் துப்பறியும் பன்னிரண்டு கதைகள். முதல் கதை 'தி ப்ளூ கிராஸ்'.

பாரிஸ் நகரப் போலீஸ் அதிகாரி வாலன்டின், ஃபிளாம்போ என்ற பெருந்திருடனைத் தேடி லண்டனுக்கு வருகிறார். கையில் துப்பு ஒன்றும் இல்லை. துப்பு இல்லாதபோது இயல்புக்கு மாறாக எது தெரிகிறதோ அதன் பின்னால் போக வேண்டும் என்பது அவர் வழக்கம். ஒரு உணவகத்தில் காபிக்குச் சர்க்கரை போடுகிறார், காபி உப்புக் கரிக்கிறது. சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு, உப்புக் குப்பியில் சர்க்கரை. பணியாளைக் கூப்பிட்டுக் கேட்டால், காலையில் இரண்டு பாதிரியார்கள் வந்தார்கள், அதில் குள்ளமானவர் போகும்போது சூப்பைச் சுவரில் வீசிவிட்டுப் போனார் என்கிறான். தெருவில் இறங்கினால் பழக்கடையில் ஆரஞ்சுக்கு வைக்க வேண்டிய அட்டை கொட்டைகளின் மேல் இருக்கிறது. ஆப்பிள் குவியலை ஒரு பாதிரியார் தட்டிவிட்டுப் போனார் என்று கடைக்காரர் கோபத்தில் இருக்கிறார். இன்னொரு உணவகத்தில் கண்ணாடி ஜன்னல் உடைந்திருக்கிறது. 4 ஷில்லிங் என்று தான் எழுதிய பில் 14 ஷில்லிங் ஆகியிருந்தது என்கிறான் அங்கே பரிமாறியவன். பணத்தைக் கொடுத்த குள்ளப் பாதிரியார், மிச்சம் ஜன்னலுக்கு இருக்கட்டும் என்றாராம். எந்த ஜன்னல் என்று கேட்டதற்கு, இப்போது உடைக்கப்போகிற ஜன்னல் என்று சொல்லிக் குடையால் ஒரே குத்து.

ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் உட்கார்ந்துகொண்டு இந்த இடத்தில் சத்தமில்லாமல் சிரித்தேன். சிரித்த கையோடு ஹாம்ஸ்டெட் மேட்டில் இருட்டும் நேரத்தில் கதை முடிகிறது. அந்தக் குள்ளப் பாதிரியார் ஒவ்வொரு கிறுக்குத்தனத்தையும் எதற்காகச் செய்தார் என்று தெரியும்போது, நாம் சிரித்த ஒவ்வொரு இடமும் வேறு முகத்தோடு திரும்பி வருகிறது. திருடனை எப்படி அடையாளம் கண்டார் என்பதற்கு அவர் கடைசியாகச் சொல்லும் காரணம் ஒற்றை வரி. அதை இங்கே எழுதமாட்டேன். அந்த வரியில் முழு செஸ்டர்டனும் இருக்கிறார்.

இரண்டாவது கதையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வரிசையாகவே படியுங்கள். முதல் கதை தந்த ஒரு நிச்சயத்தை இரண்டாவது கதை உடைக்கிறது. தொகுப்பை நடுவில் திறந்து படித்தவர்களுக்கு அந்த அதிர்ச்சி கிடைக்காது. மூன்றாவது 'தி குவியர் ஃபீட்'. எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒரு ஆடம்பர ஹோட்டலில் பணியாள் ஒருவன் பக்கவாதத்தில் விழுந்து சாகக் கிடக்கிறான், பாதிரியாரை அழைக்கிறார்கள். அவனுக்காக ஏதோ எழுத வேண்டியிருக்கிறது. ஃபாதர் பிரவுன் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து எழுதுகிறார். வெளியே நடையில் காலடிச் சத்தம். முதலில் வேகமாக, நுனிக்காலில் ஓடுவது போல. நிற்கிறது. பிறகு நிதானமாக, கனமாக, ஊன்றி நடக்கிற சத்தம். மறுபடியும் வேகம். இரண்டும் ஒரே ஆளின் கால்கள்தான், ஒரு செருப்பு லேசாகக் கிறீச்சிடுகிறது. நடக்க வேண்டிய இடத்தில் ஓடி, ஓட வேண்டிய இடத்தில் நடக்கிற ஆள் யார்? எழுதிக்கொண்டிருந்த பேனா நிற்கிறது. காதால் மட்டுமே ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்கிற கதை. விடை தெரிந்த பிறகு பணக்காரர் யார், பணியாள் யார், அவர்களைப் பிரித்துக் காட்டுவது எது என்ற கேள்வி நம்மை விடாது.

இந்தக் குட்டைப் பாதிரியாருக்கு ஒரு நிஜ மனிதர் மூலம். ஃபாதர் ஜான் ஓகானர், யார்க்‌ஷயர் பகுதியில் இருந்த கத்தோலிக்கப் பாதிரியார். செஸ்டர்டன் தன் சுயசரிதையில் அந்த நாளைச் சொல்கிறார். இருவரும் மேட்டுநிலத்தில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். சமூகக் குற்றங்கள் சம்பந்தமாக ஒரு கருத்தைச் செஸ்டர்டன் சொல்ல, அது தவறு என்று காட்ட ஓகானர் தனக்குத் தெரிந்த சில விஷயங்களைச் சொல்கிறார். கேட்ட செஸ்டர்டன் உறைந்துபோகிறார். அப்படிப்பட்ட கொடுமைகள் உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. அன்றைக்கே ஒரு வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், அந்தப் பாதிரியார் எழுந்து போனதும், பாவம், நாலு சுவருக்குள் வாழ்கிறவர், உலகத்தின் தீமை அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அந்தச் சிரிப்பில் பிறந்தவர் ஃபாதர் பிரவுன். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் என்று சொல்கிறார்களே, அதில் நாள் முழுக்க மனிதர்களின் பாவங்களைக் கேட்கிறவருக்குத் தெரியாத குற்றம் எது? ஐம்பதுக்கு மேற்பட்ட அந்தக் கதைகளுக்கு இதுதான் அடித்தளம்.

நான் கத்தோலிக்கன் அல்ல. கிறிஸ்தவனும் அல்ல. கேட்ட மூவரில் ஒருவர், அந்த மதம் தெரியாமல் இவரைப் படிக்க முடியுமா என்றும் கேட்டார். தாராளமாக முடியும். இன்னொரு சங்கதியும் உண்டு. செஸ்டர்டன் முறைப்படி கத்தோலிக்கரானது 1922 ஜூலை 30-இல். அவர் குடியிருந்த பீக்கன்ஸ்ஃபீல்டில் அப்போது கத்தோலிக்கக் கோயில் கிடையாது. ரயில்வே ஹோட்டலை ஒட்டி வழிபாட்டுக்குப் பயன்படுத்திய ஒரு கூடத்தில்தான் அது நடந்தது. ஏற்று வைத்தவர்களில் ஒருவர் அதே ஓகானர். நான் இங்கே பரிந்துரைக்கும் பெரும்பாலான புத்தகங்கள் அதற்கு முன்பே எழுதியவை. அதனால் கத்தோலிக்க எழுத்தாளர் என்ற பலகையைப் பார்த்து யாரும் தயங்க வேண்டாம். அந்தப் பலகைக்காகவே தேடி வருகிறவர்களும் ஃபாதர் பிரவுனிடம் தொடங்குவதே நல்லது.

ஃபாதர் பிரவுனுக்கு மொத்தம் ஐந்து தொகுப்புகள்: 1911, 1914, 1926, 1927, 1935. முதல் இரண்டும் உயரம். மூன்றாவதிலும் நல்ல கதைகள் உண்டு. நான்காவது தொகுப்பின் முகப்புக் கதையில், குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, அந்தக் கொலைகளை எல்லாம் செய்தவன் நான்தான் என்கிறார் பாதிரியார். கொலைகாரனாக மனதளவில் மாறிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாராம். அதற்காகவே அதைப் படிக்கலாம். ஐந்தாவது அவசரமில்லை. பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தொடர் 1950-களின் கிராமத்தில் நடப்பது, கதைகள் அப்படி அல்ல. பெயரும் பாதிரியாரும்தான் பொது.

சரி, கதைகளில் பாதி முடிந்ததும் கட்டுரைக்கு வாருங்கள். 'ட்ரெமெண்டஸ் ட்ரைஃபிள்ஸ்', 1909. டெய்லி நியூஸில் வந்த சின்னக் கட்டுரைகளின் தொகுப்பு. என்னைக் கேட்டால், ஒரே ஒரு புத்தகம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். ஃபாதர் பிரவுன் வாசலில் நின்று கூப்பிடுகிறார், வீடு இங்கேதான் இருக்கிறது.

அதில் 'எ பீஸ் ஆஃப் சாக்', அதாவது ஒரு சாக்பீஸ் துண்டு, என்று ஒரு கட்டுரை. விடுமுறையில் சசெக்ஸ் குன்றுகளுக்குப் படம் வரையப் போகிறார். இளவயதில் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் படித்தவர். தங்கியிருக்கும் வீட்டு அடுப்படியில் இருக்கும் அம்மாளிடம் பழுப்புத் தாள் கேட்கிறார், பொட்டலம் கட்டுகிற தாள். அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி. ஏதோ கட்டத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறாள். வரைய என்றதும் வெள்ளைத் தாளை நீட்டுகிறாள். பழுப்பு நிறமே தனக்குப் பிடிக்கும், அதில்தான் வண்ணங்கள் எழுந்து நிற்கும் என்று இவர் விளக்க வேண்டியிருக்கிறது. தாளும் வண்ணச் சாக்பீஸ்களும் பையில் போட்டுக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்து, மேய்கிற மாட்டை அல்ல, மாட்டின் ஆத்மாவை வரைகிறார். அதற்கு ஏழு கொம்பு. அப்போது பார்த்தால் வெள்ளைச் சாக்பீஸைக் காணோம். எடுத்துவர மறந்துவிட்டார்.

பழுப்புத் தாளில் வரைகிறவருக்கு வெள்ளை இல்லாமல் முடியாது. இந்த இடத்தில் அவர் நின்று பேசுகிற ஒரு பத்தி இருக்கிறது. வெள்ளை என்பது நிறமின்மை அல்ல, சிவப்பு போல, கறுப்பு போல அதுவும் ஒரு நிறம் என்கிறார். அப்படியே, நல்லது என்பது கெட்டது இல்லாமல் இருப்பது மட்டுமல்ல. கருணை என்றால் கொடுமை செய்யாமல் இருப்பது அல்ல, சூரியன் போல நேராகத் தெரிகிற ஒரு பொருள் என்கிறார்.

நான் முப்பத்தெட்டு வருடமாக புரூஃப் பார்க்கிறவன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு சொல்லுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிகிறதே, அந்த இடம் அப்போது வெற்றிடம் இல்லை. அதற்கும் ஒரு ஈயத் துண்டு உண்டு. எழுத்தைவிடக் குட்டையாக இருக்கும், அதனால் மையில் படாது. கம்பாசிட்டர் அதையும் கையால் எடுத்துத்தான் வைப்பார். அது இல்லாவிட்டால் வரி நிற்காது, சட்டத்தை இறுக்கும்போது எழுத்துகள் கொட்டிவிடும். புரூஃபில் இடம் விட்டுப் போயிருந்தால் குறி போட்டு, இங்கே ஸ்பேஸ் சேர் என்று எழுதுவேன். வெள்ளையைச் சேர்ப்பதுதான் அந்த வேலை. அந்த ஈயத் துண்டுகளை விரல்களுக்கு நடுவே வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. செஸ்டர்டனின் பத்தியைப் படித்த அன்றைக்குத்தான் யோசித்தேன். தினமும் கையில் புழங்குகிற பொருளை இவர் திருப்பிக் கொடுக்கிறார். அதைத்தான் நான் இவரிடம் பெற்றது என்று சொல்லிக்கொள்வேன்.

கட்டுரையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தாலும் கெடாது. வெள்ளைச் சாக்பீஸ் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து நின்று, மாடுகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிக்கிறார். சசெக்ஸ் குன்று முழுவதுமே சுண்ணாம்புப் பாறை. வெள்ளைச் சாக்பீஸின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வெள்ளைச் சாக்பீஸைத் தேடியிருக்கிறார். காலடியில் ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொள்கிறார்.

அதே தொகுப்பில் 'வாட் ஐ ஃபவுண்ட் இன் மை பாக்கெட்' படியுங்கள். ரயில் பெட்டியில் படிக்க ஒன்றும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் தன் சட்டைப்பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். 'தி ட்வெல்வ் மென்' ஜூரியாக உட்கார்ந்த அனுபவம். பழகிப்போன அதிகாரிகளுக்குக் கைதி கண்ணில் படுவதில்லை, அதனால்தான் தீர்ப்புச் சொல்ல வெளியிலிருந்து பன்னிரண்டு பேர் வேண்டும் என்பார். இதற்கு முந்தைய வருடத் தொகுப்பான 'ஆல் திங்ஸ் கன்சிடர்டு'-இல் 'ஆன் ரன்னிங் ஆஃப்டர் ஒன்ஸ் ஹேட்' இருக்கிறது. காற்றில் பறந்த தொப்பியின் பின்னால் ஓடுவது பற்றி. இழுத்தால் வராத மேசை இழுப்பறையோடு தினமும் மல்லுக்கட்டும் நண்பர் ஒருவர் அதில் வருவார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு இழுப்பறை உண்டு. அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த நண்பரை நினைத்துக்கொள்கிறேன், கோபம் வருவதில்லை.

ஒரு பத்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 1909 செப்டம்பரில் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் பத்தியில் இந்திய தேசியவாதம் பற்றி எழுதினார். இந்தியர்கள் தங்களுடைய பழைய வாழ்க்கை முறையைக் கேட்டால் அதற்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் நம்மிடமிருந்து கற்ற பாராளுமன்றத்தையும் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலச் சிந்தனையாளரையும் அல்லவா கேட்கிறார்கள், இதில் இந்தியத் தன்மையும் குறைவு, தேசியத் தன்மையும் குறைவு என்பது வாதம். காந்தி அப்போது லண்டனில் இருந்தார். படித்தார், தென்னாப்பிரிக்காவில் தான் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் வாசகர்களுக்குக் குஜராத்தியில் அதைப் பற்றி எழுதினார். நவம்பரில் கப்பலில் தென்னாப்பிரிக்கா திரும்பும்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். அந்தப் பத்திதான் இந்தப் புத்தகத்துக்குக் காரணம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கையில் வைத்திருந்தது தெரியும்.

நாவலுக்கு வருவோம். 'தி மேன் ஹூ வாஸ் தர்ஸ்டே', 1908. வாரத்துக்கு ஒன்று என்று சொன்னேனே, அதற்கு இது விதிவிலக்கு. ஒரே இரவில் படித்து முடிக்க வேண்டும். லண்டனின் ஒரு புறநகரில், செங்கல் வீடுகளின் மேல் சூரியன் மறையும் நேரத்தில் இரண்டு கவிஞர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவன் ஒழுங்கை வெறுக்கிறவன். சுரங்க ரயிலில் போகிற குமாஸ்தாக்கள் ஏன் சோர்ந்து தெரிகிறார்கள் என்றால், ஸ்லோன் ஸ்கொயருக்கு அடுத்த நிலையம் விக்டோரியாதான் என்று தெரிந்திருப்பதால்தான் என்கிறான். மற்றவன் சைம். விக்டோரியா வருவதுதானப்பா அதிசயம், எங்கே வேண்டுமானாலும் போயிருக்கக்கூடிய ரயில் சொன்ன இடத்துக்கு வந்து சேர்கிறதே, அதுதான் வெற்றி என்கிறான். கவிதைப் புத்தகத்தை நீ வைத்துக்கொள், ரயில்வே அட்டவணையை எனக்குக் கொடு என்று சொல்கிறான். அங்கிருந்து கதை எங்கெங்கோ பாய்கிறது. கிழமைகளின் பெயர் சூட்டிக்கொண்ட ஏழு பேர் கொண்ட ரகசியக் குழு, அதன் தலைவன் ஞாயிறு என்கிற மலை போன்ற மனிதன், துரத்தல், வேஷம் கலைதல். பாதி தாண்டும்போது அடுத்து என்ன என்பதை நாமே ஊகிக்கத் தொடங்குவோம், அப்படியும் கீழே வைக்க முடியாது. கடைசி முப்பது பக்கம் புரியவில்லை என்று இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதன் துணைத்தலைப்பு 'ஒரு கெட்ட கனவு' என்பது. அதை யாரும் கவனிப்பதில்லை என்று செஸ்டர்டனே வருத்தப்பட்டு எழுதினார். அந்தக் கட்டுரை வெளிவந்தது 1936 ஜூன் 13, மறுநாள் அவர் இறந்தார். அதனால் அட்டையைத் திறந்ததும் துணைத்தலைப்பை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மற்ற நாவல்களில் 'தி நெப்போலியன் ஆஃப் நாட்டிங் ஹில்' (1904) மட்டும் போதும். தன் தெருவுக்காகப் போருக்குப் போகிற மனிதனின் கதை. 'தி ஃப்ளையிங் இன்' எனக்குப் பிடிக்கவில்லை.

பெரும்பாலோர் முதலில் கையில் திணிப்பது 'ஆர்த்தடாக்ஸி' (1908). தன் நம்பிக்கைக்கு எப்படி வந்தேன் என்று அவர் சொல்கிற புத்தகம். அதைத் தொடக்கமாகக் கொடுப்பதை நான் ஒப்புவதில்லை. ஆறு மாதம் கழித்து எடுங்கள், எடுத்தாலும் முன்னுரையைப் படித்துவிட்டு நேராக நான்காவது அத்தியாயத்துக்குப் போங்கள். முன்னுரையில் ஒரு படகோட்டி வருகிறான். கணக்குத் தப்பி, இங்கிலாந்துக்கே வந்து இறங்கி, தென்கடலில் புதுத் தீவு கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறான். நான்காவது அத்தியாயம் 'தி எதிக்ஸ் ஆஃப் எல்ஃப்லேண்ட்', பாட்டிக் கதைகளைப் பற்றி. குழந்தை ஒரு விளையாட்டை மறுபடி, மறுபடி என்று கேட்கும், பெரியவர்களுக்குத்தான் சலிக்கும். தினமும் சூரியன் உதிப்பது, கடவுளுக்கு இன்னும் சலிக்காததால் இருக்கலாம் என்பார். கடவுள் நம்பிக்கை இல்லாத என் தம்பி இந்த இடத்தை மூன்று முறை படித்தான். அதற்குப் பிறகு விட்டுவந்த இரண்டாவது, மூன்றாவது அத்தியாயங்களுக்குத் திரும்பினால் வாதங்கள் தலையில் ஏறும்.

வாழ்க்கை வரலாறுகளில் 'சார்ல்ஸ் டிக்கன்ஸ்' (1906), அசிசி நகர் பிரான்சிஸ் பற்றியது (1923), தாமஸ் அக்வினாஸ் பற்றியது (1933). மூன்றிலும் தேதிகளை எதிர்பார்க்காதீர்கள். டிக்கன்ஸ் படித்தவர்கள் முதலாவதை விடவே கூடாது. 'தி எவர்லாஸ்டிங் மேன்' (1925) கடைசியில். கவிதையில் 'தி டாங்கி' பதினாறே வரி, ஒரு கழுதை பேசுகிறது, இன்றைக்கே படிக்கலாம்.

இனி குறைகள். சொல்லாமல் விட்டால் பரிந்துரைக்கு மரியாதை இல்லை. எதையும் தலைகீழாக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கைவந்த கலை, அதுவே சில பக்கங்களில் வெறும் கைப்பழக்கமாகத் தேய்ந்துவிடுகிறது. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவதில் மோகம் அதிகம். பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று 1910-இல் புத்தகத்தில் வாதாடினார், அந்த வாதம் எனக்கு ஏற்பில்லை. இதைவிடப் பெரிய குறை யூதர்களைப் பற்றி எழுதியது. 1920-இல் வந்த 'தி நியூ ஜெருசலேம்' நூலில் இங்கிலாந்து யூதர்கள் அரேபிய உடை உடுத்த வேண்டும் என்ற அளவுக்குப் போகிறார். ஹிட்லர் வந்ததும் அவனுடைய யூத வதையைக் கண்டித்தவரும் இவர்தான், ஆனாலும் முன்னால் எழுதியது அழியாது. ஃபாதர் பிரவுன் கதைகளிலும் தழும்புகள் உண்டு. 'தி காட் ஆஃப் தி காங்ஸ்' கதையில் கறுப்பினத்தவரைப் பற்றிய சொற்கள் கூசவைக்கும். முதல் தொகுப்பின் 'தி ராங் ஷேப்' கதையில் வரும் இந்தியரை எழுதியிருக்கும் விதம் எனக்கு வலித்தது. அந்தக் கதைகளை ஒளிக்க வேண்டாம். வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

எந்தப் பதிப்பு வாங்குவது என்பதையும் என் தொழிலை முன்னிட்டுச் சொல்லியாக வேண்டும். இவருடைய எழுத்துகள் பொதுவுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள். ஆன்லைனில் அட்டையைப் பார்த்து ஒரு கட்டுரைத் தொகுப்பு வாங்கினேன். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, யாரும் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பக்க எண் வாக்கியத்துக்கு நடுவில் வருகிறது, மேற்கோள் குறிகள் எண்களாகியிருக்கின்றன, ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தி அடுத்த கட்டுரையின் தலைப்புக்குக் கீழே கிடக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைக்கிற எழுத்தாளருக்கு இதைச் செய்யக் கூடாது. இரண்டு பக்கம் உள்ளே பார்க்க முடியாத பதிப்பை வாங்காதீர்கள். புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் தன்னார்வலர்கள் ஏற்றியிருக்கும் இலவசப் பிரதிகள் அதைவிட எவ்வளவோ மேல். ஃபாதர் பிரவுன் முழுத் தொகுப்பு ஒரே புத்தகமாக பென்குயினில் கிடைக்கிறது, கனமானது, படுத்துக்கொண்டு படிக்கக் கை வலிக்கும். முதல் தொகுப்பைத் தனியாக வாங்குவதே தொடங்குகிறவர்களுக்கு வசதி.

ஆங்கிலம் கடினமா என்றும் கேட்டார்கள். சொற்கள் கடினமில்லை, வாக்கியங்கள் நீளம். புரியாத வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். பின்னாளில் பெரும்பாலும் சொல்லச் சொல்லச் செயலாளர் தட்டச்சு செய்ததுதான், அதனால் காதில் விழுந்தால் வழி தெரிந்துவிடும்.

கேட்ட மூவரில் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். ஈய எழுத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சாக்பீஸ் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "சார், அந்த ஸ்பேஸ் துண்டு உங்ககிட்ட இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மேசையில் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இப்போது அது அவளுடைய கணினித் திரைக்குக் கீழே இருக்கிறது. இந்த வாரம் அவள் 'தி ப்ளூ கிராஸ்' படிக்கிறாள். சூப் சுவரில் விழுந்த இடம் வரைக்கும் வந்திருக்கிறாள்.